நரைத்த தலையும் அடையாள அட்டையும்

மதுபானம் விற்கும் கடையிலே வாங்க வருபவரின் வயதை எவரிடம் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேட்டறிந்த பின் என்ன செய்வது என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். நாட்டிலே தீர்க்கப்படாத பெரும் பிரச்சினைகள் குவிந்து கிடக்கும்போது சாராயப் போத்தலுக்கும் கடைக்காரனுக்கும் இடையிலான வழக்கை எடுத்துப் பேசுவது ஏன் என்று வாசகர்களிற் சிலர் வினவவும் கூடும். ஆனால், ஒரு சமுதாயம் சட்டத்தை மதிக்கிறதா அல்லது மதிப்பதுபோல் நடிக்கிறதா என்பது பாராளுமன்றத்தில் மட்டும் தெரிவதன்று. காசு கைமாறும் மேசையிலேதான் அது நாள்தோறும் தெரிகிறது. சுருவிலிலும் நாரந்தனையிலும் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் வாழும் மக்களுக்கு இது தொலைதூர விடயமன்று. எமது பிள்ளைகளின் எதிர்காலமும் எமது முதியோரின் மானமும் ஒரே மேசையில் சந்திக்கும் விடயம் இது.

பிள்ளைகள் கையில் மது சேரக்கூடாது என்பதில் எமக்குள் இரண்டு கருத்து இல்லை. அதற்காக, "எவர் வந்தாலும் அடையாள அட்டையைக் கேள், எழுபது வயதுக் கிழவரானாலும் விடாதே" என்று ஒரு விதி செய்தால் என்ன என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உளர். கனடாவிலும் இலண்டனிலும் நோர்வேயிலும் குடியேறி விடுமுறைக்கு ஊர் திரும்பும் எமது தீவக உறவினர் அங்குள்ள கடைகளின் கட்டுப்பாட்டை வியந்து பேசுவதையும் நாம் கேட்டிருக்கின்றோம். ஆகவே இவ்விடயத்தைச் சட்டத்தின் கண்கொண்டும் பொதுநீதியின் கண்கொண்டும் ஆராய்வது அவசியமாகின்றது.

சட்டம் கூறுவது என்ன?

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவிற்று. இருபத்தொரு வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுபானமோ புகையிலைப் பொருளோ விற்கக்கூடாது என்பது அச்சட்டத்தின் தெளிவான விதி. இந்நாட்டில் வாக்குரிமை வயது 1959இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. பராயமடையும் வயதும் 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் பதினெட்டாயிற்று. அப்படியிருந்தும் மதுவைப் பொறுத்தமட்டில் சட்டம் இருபத்தொன்று என்றே கோடு கிழித்தது. வாக்களிக்கவும் ஒப்பந்தம் செய்யவும் தகுதி பெற்ற இளைஞனுக்கும் இன்னும் மூன்றாண்டு பொறு என்று சொல்லியது. அதில் ஒரு நோக்கம் இருக்கின்றது. இளம் வயதிலே பழக்கம் வேரூன்றாதிருக்க வேண்டும் என்பதே அந்நோக்கம்.

அந்நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டம் காக்க முனைவது இளையவனை, கட்டுப்படுத்துவது விற்பவனை. அறுபது வயதைத் தாண்டியவரைக் குறித்து அவ்விதி எதுவும் பேசவில்லை. எனவே, நரைத்த தலையோடு கடைக்கு வந்தவரை நோக்கி "அட்டையைக் காட்டும், சட்டம் அப்படி" என்று ஒரு கடைக்காரர் சொல்வாரானால், அவர் சட்டத்தின் பெயரால் சட்டத்தில் இல்லாததைச் சொல்கிறார். "இது எமது கடையின் ஒழுங்கு" என்று அவர் சொல்லட்டும், அது உண்மை. கடையின் ஒழுங்கைச் சட்டமென்று சொல்வது பொய். சிறிய பொய்தான், ஆயினும் நேர்மையை நிலைநாட்டுவதற்கென்று சொல்லப்படும் பொய்யன்றோ!

கடைக்காரருக்கு உரிமையே இல்லையா என்றால், உண்டு. 1953ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சட்டம் பயின்றோர் யாவரும் அறிவர். பூட்ஸ் என்னும் மருந்துக் கடை நிறுவனத்தின்மேல் மருந்தாளர் சங்கம் தொடுத்த வழக்கு அது. வாங்குபவர் தாமே தட்டிலிருந்து பொருளை எடுத்துக்கொண்டு காசு மேசைக்கு வரும் புதுமுறைக் கடையில், விற்பனை எப்போது நிறைவேறுகிறது என்பதே அங்கு எழுந்த வினா. தட்டிலிருந்து எடுத்தபோது அன்று; காசு மேசையிலே வாங்குபவர் கேட்க, விற்பவர் ஏற்றுக்கொள்ளும்போதே என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்த நொடி வரையில் விற்க மறுக்கும் உரிமை விற்பவருக்கு உண்டு. எமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கமாக, ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவியே ஆக்கப்பட்டது. ஆகவே, கடைக்காரர் அட்டையைக் காட்டுமாறு கட்டளையிடும் அரச அதிகாரி அல்லர். ஆனால் ஐயம் இருந்தால் விற்க மறுக்கும் உரிமை உடையவர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மேசைக்கு இப்புறம் நிற்பவரும் அப்புறம் நிற்பவரும் அறிந்திருத்தல் நன்று.

இன்னொன்றையும் இங்கு சொல்ல வேண்டும். "ஆளைப் பார்த்து வயதை மதிப்பிட்டு விற்றால், தவறிப்போகும் பட்சத்தில் என்னையல்லவா நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள்?" என்று விற்பவர் அஞ்சுவது இயல்பு. எமது தண்டனைச் சட்டக் கோவை 1885ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் 72ஆம் பிரிவு, நிகழ்வு பற்றிய தவறினால், நன்னம்பிக்கையோடு தாம் செய்வது சட்டப்படி சரியென்று எண்ணிச் செய்தவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆனால் உரிய கவனமும் கருத்தும் இன்றி நம்பியதை அக்கோவை நன்னம்பிக்கை என்று ஏற்பதில்லை. இதன் பொருள் யாது? மீசை அரும்பிய முகத்தைப் பார்த்துவிட்டு வாய் திறவாது போத்தலைக் கொடுத்தவன், "இருபத்தொரு வயதென்று நினைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அவன் கேட்டிருக்க வேண்டும். முதுகு வளைந்து ஊன்றுகோலோடு வந்த முதியவருக்கு விற்றவர் எதையும் கேளாவிட்டாலும் கவனக் குறைவு என்று எவரும் சொல்லார். ஐயத்துக்குரிய இடத்தில் கேள், ஐயமற்ற இடத்தில் மனிதனை மனிதனாக மதி என்பதே சட்டத்தின் போக்கு.

எல்லோரிடமும் கேட்டால் என்ன?

எதிர்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. எல்லோரிடமும் கேட்டால் பாரபட்சம் இல்லை. கடையில் நிற்கும் இளம் பணியாளர் முகம் பார்த்துத் தீர்மானிக்கும் சுமை இல்லை. தெரிந்தவன், தெரியாதவன், பணக்காரன், ஏழை என்னும் பேதம் இல்லை என்பர். இவ்வாதத்தில் வலு இருக்கின்றது. ஆகவேதான் சில நாடுகள் அதனைச் செய்தும் பார்த்தன.

அமெரிக்காவின் டெனசி மாநிலம் 2007ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதியிலிருந்து, கடையில் பீர் வாங்கும் ஒவ்வொருவரும், எவ்வயதினராயினும், அட்டை காட்டவேண்டும் என்று விதித்தது. பின்னர் ஐம்பது வயதைக் கடந்தவராகத் தோன்றுபவருக்கு அதே சட்டத்தில் விலக்கு இடம்பெற்றது. இந்தியானா மாநிலம் 2010 ஜூலையில் அதேபோல எல்லோரிடமும் அட்டை கேட்குமாறு கட்டளையிட்டது. மறு ஆண்டிலேயே நாற்பது வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றுபவரிடம் கேட்டால் போதும் என்று திருத்திக்கொண்டது. பாட்டனாரிடம் பிறந்த திகதி கேட்பது எவரையும் காக்கவில்லை என்பதை அவர்கள் பட்டறிந்தே உணர்ந்தனர்.

ஸ்கொத்லாந்து வேறு வழியிற் சென்றது. அங்கே வாங்கும் வயது பதினெட்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2011 ஒக்டோபர் முதல், இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் வயதுச் சான்று கேட்கும் ஒழுங்கு கடைகளுக்குக் கட்டாயமாயிற்று. நோர்வேயில் 1922இல் தொடங்கிய அரச மதுக் கடைகளிலும் இருபத்தைந்து வயதை எட்டாதவராகத் தோன்றுவோரிடமே கேட்கின்றனர். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் ஒரு வரப்பு வைத்தார்கள். முகம் பார்த்துக் கணிப்பதில் ஏழாண்டு பிழைத்தாலும் சிறுவன் தப்பமாட்டான்; முதியவரும் அவமதிக்கப்படமாட்டார். எமது உறவினர் வியந்து பேசும் கட்டுப்பாடு இதுதான். அது கிழவரைச் சோதிக்கும் கட்டுப்பாடன்று. இளைஞனை விடாமற் கேட்கும் கட்டுப்பாடு. வியக்க வேண்டியதை விட்டு வேறொன்றை நாம் இறக்குமதி செய்யலாகாது.

பொய்யை வளர்க்கும் விதிகள்

தேவையற்ற இடத்திலே சான்று கேட்கும் விதி எதை விளைவிக்கும்? பொய்யை விளைவிக்கும். இது எமது ஊகமன்று, கண்முன் நடப்பது.

குஜராத் மாநிலத்தில் மதுவிலக்கு உண்டு. ஆயினும் நாற்பது வயதைத் தாண்டியவர், உடல்நலத்துக்கு மது தேவை என்று மருத்துவச் சான்று பெற்று அனுமதிச் சீட்டு எடுக்கலாம். வயது ஏற ஏற மாதந்தோறும் வாங்கக்கூடிய அளவும் ஏறுகிறது. மது குடித்தால் நோய் தீரும் என்று எழுத எந்த மருத்துவ நூல் இடந்தருகிறது? குடிக்க விரும்பும் முதியவரை நோயாளியாக நடிக்கச் செய்து, வைத்தியரை அதற்குச் சாட்சியாக்குகிறது சட்டம். மகாராட்டிர மாநிலத்தில் 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டப்படி, வயது வந்த எவரும் மது வாங்கவும் குடிக்கவும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். கடையிலேயே ஒருநாட் சீட்டு கொடுப்பர். வந்தவர் பெயரைக் கேளாமலே ஏதோ ஒரு பெயரை எழுதிப் பதிவேட்டை நிரப்பும் வழக்கம் அந்நகரத்தில் பலகாலமாகப் பேசப்படுவது. பதிவேடு நிறைகிறது; உண்மை வெறுமையாகக் கிடக்கிறது.

கணக்குப் பொறியில் பிறந்த திகதியைத் தட்டினாலன்றி விற்பனை முடியாது என்று அமைத்துவிட்டால், வரிசையில் பத்துப் பேர் நிற்க, எதிரே எண்பது வயதுக்காரர் அட்டையின்றி நிற்க, பணியாளர் என்ன செய்வார்? வாயில் வந்த ஒரு திகதியைத் தட்டுவார். முதலில் முதியவருக்காகச் சொன்ன பொய், நாளை தமக்குத் தெரிந்த பையனுக்காகவும் விரலிற் பழகிவிடும். காவலாக வைத்த பூட்டே கள்ளத் திறப்புச் செய்யக் கற்றுக்கொடுத்த கதையாகும் அது.

நேர்மையாகப் பேசுவதென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் வயது வந்தோருக்குப் பங்கீட்டுப் புத்தகம் கொடுத்து, வாங்கிய ஒவ்வொரு போத்தலையும் அதிற் பதியும் முறை 1955 செப்டெம்பர் முடிவு வரை இருந்தது. அது நீக்கப்பட்டதும் குடி அதிகரித்தது. அரசு விலையை உயர்த்த நேர்ந்தது. எனவே முதியோரையும் கண்காணிக்கும் முறை எப்போதும் பயனற்றது என்று நாம் வாதிடவில்லை. மொத்தக் குடியைக் குறைப்பதே நோக்கமென்றால் அதற்கென வெளிப்படையாகச் சட்டம் செய்யுங்கள். மக்கள் அதனை விவாதிக்கட்டும். சிறுவரைக் காக்கும் சட்டத்தின் போர்வைக்குள்ளே முதியோரைக் கண்காணிக்கும் ஒழுங்கைப் புகுத்தாதீர்கள் என்பதே எமது வாதம்.

இந்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1979ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தல் ஒன்று தவறணைகளிலே பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது. நடைமுறையில் விரும்பியவர் கைக்கொண்டனர், விரும்பாதவர் மறந்தனர். 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை வர்த்தமானி மூலம் நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறப் பணித்தார். மது அருந்துவது நன்றா தீதா என்பது வேறு. வயது வந்த ஒருவரை, சிறுவனைப்போல் நடத்தும் விதி பெரும்பாலும் கைக்கொள்ளப்படாத விதியாகவே முடியும் என்பது இதில் நாம் காணும் பாடம்.

தீவகத்தின் நினைவு

இத்துடன் எமது மண்ணுக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. தென்னிலங்கையிலே அடையாள அட்டை ஒரு சான்றிதழ் மட்டுமே. எமக்கோ அது வேறொன்றாகவும் இருந்தது. 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தால் வந்த இவ்வட்டை, போர்க்காலத்தில் உயிரோடு வீடு திரும்புவதற்கான சீட்டாயிற்று. 1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கிய பின் ஊர்கள் வெறுமையாயின. எஞ்சியிருந்தோரும் பின்னர் திரும்பியோரும் பண்ணைத் தாம்போதியிலும் துறைமுகங்களிலும் எத்தனை தடவை அட்டையை நீட்டினர்! அட்டையை மறந்து புறப்பட்ட மகனுக்காக வாசலில் நின்று வயிறு எரிந்த தாய்மார் எத்தனை பேர்! 2009இல் போர் முடிந்தது. ஆயினும் "அட்டையை எடு" என்னும் சொல்லைக் கேட்டதும் கை தானாகச் சட்டைப் பைக்குச் செல்லும் தலைமுறை இன்னும் எம்மிடையே வாழ்கின்றது.

அத்தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், நாள் முழுதும் வலை இழுத்துவிட்டோ தோட்டத்தில் உழைத்துவிட்டோ, சட்டம் தடுக்காத ஒரு பொருளைத் தமது காசு கொடுத்து வாங்க வரும்போது, ஐயமே இல்லாத அவரது வயதுக்குச் சான்று கேட்பதும், அட்டையின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவதும், கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதும் எந்த நீதியின்பாற்படும்? எழுதிவைத்த இலக்கம் யாரிடம் போகும், எத்தனை நாள் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று அவர் கேட்டால் கடைக்காரரிடம் மறுமொழி உண்டோ? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டதன் நோக்கத்தைக் கடைவீதி வரையில் நாம் கொண்டுசெல்ல வேண்டாமா?

மேலும், எழுதவேண்டிய தேவையே இல்லை. எமது அடையாள அட்டையின் இலக்கமே வயதைச் சொல்லும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்களும், 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டைக் குறிக்கின்றன. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு ஐந்நூறு கூட்டப்பட்டிருக்கும். ஐயத்துக்குரிய இளைஞன் அட்டையை நீட்டினால் ஒரு கணப் பார்வை போதும். பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பார்க்க வேண்டும். அட்டை இருக்கிறது என்பதே வயதுக்குச் சான்றாகிவிடாது. சாதாரண தரப் பரீட்சைக்குச் செல்லும் மாணவர் கையிலேயே அட்டை இருக்கின்றது.

உண்மையான ஓட்டை எங்கே?

இவ்வளவும் முதியோருக்காகப் பரிந்து பேசினோம். இனி முதியோரையும் பார்த்துச் சில சொல்ல வேண்டும். ஒருவர் பக்கத்தை மட்டும் பேசுவது வழக்கறிஞர் தொழிலாக இருக்கலாம், பொதுவாழ்வின் நெறியாகாது.

இளைஞர் கைக்குப் போத்தல் எவ்வழியாற் செல்கிறது? பெரும்பாலும் மேசையில் நேரே வாங்கியதாலன்று. மூத்தவர் கை வழியே செல்கிறது. விளையாட்டு விழா முடிந்த மாலையில், கலியாண வீட்டின் பின்வளவில், கோயில் திருவிழாவின் கடைசி இரவில், இருபத்தொரு வயதைத் தாண்டிய ஒருவர் தம் பெயரில் வாங்கி, பதினேழு வயதினன் கையில் கொடுக்கிறார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் ஊர்ப் பையன்களுக்கு உபசாரமாக வாங்கிக் கொடுக்கிறார். காசு மேசையில் அவர் காட்டும் அட்டை உண்மையானது. அவர் வயது உண்மையானது. செயல் மட்டும் பொய்யானது. ஆயிரம் அட்டை பார்த்தாலும் இந்தப் பொய்யைப் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்கக்கூடியது அவரவர் மனச்சாட்சியும், ஊராரின் கண்டிப்புமே.

இதன் மறுபுறம் இன்னும் வருந்தத்தக்கது. தந்தையோ பெரியப்பனோ காசைக் கொடுத்து, "ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா, தம்பி" என்று சிறுவனை அனுப்பும் வழக்கம். சிகரெட்டுக்கு அனுப்புவதும் அதே வழக்கமே. "யாருக்கடா?" என்று கடைக்காரர் கேட்கிறார், "அப்பாவுக்கு" என்று பையன் சொல்கிறான், போத்தல் கைமாறுகிறது. மூவரில் எவரும் தாம் குற்றம் செய்ததாக எண்ணுவதில்லை. சட்டம் வேறு விதமாக எண்ணுகிறது. யாருக்காக வாங்கப்படுகிறது என்பதன்று, யார் கையில் விற்கப்படுகிறது என்பதே கேள்வி. பையன் உண்மை சொன்னாலும் விற்பனை குற்றமே. இன்று "அப்பாவுக்கு" என்று உண்மை சொன்னவன் நாளை அதே சொல்லைப் பொய்யாகச் சொல்லி வாங்கினால், அவனுக்கு வழிகாட்டியவர் யார்? மூட்டுவலியால் நடக்க முடியாது என்றால், அன்றைக்கு மது இல்லாமலே இருந்துவிடலாம், மருந்தன்று அது.

கடைக்காரரின் நாணயம்

நாணயம் என்று காசுக்கும் பெயர், நேர்மைக்கும் பெயர். இரண்டும் ஒரே மேசையில் இருக்கவேண்டியவை என்று எமது முன்னோர் கருதினார்கள்போலும். முதியவரின் வயதைச் சந்தேகிக்கும் கடை தன் நாணயத்தையும் சோதனைக்கு உட்படுத்தட்டும்.

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும், மிச்சக் காசு இல்லையென்று இனிப்பைத் திணிப்பதும், பற்றுச்சீட்டுக் கேட்டால் முகஞ்சுளிப்பதும் எவ்வகை நேர்மை? விலையைக் காட்சிப்படுத்துவதும் கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வணிகரின் கடமைகள். மதுக் கடை அதற்கு விலக்கன்று. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. அங்கே அரசின் கடையிலேயே போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக வாங்கப்படுகிறது என்னும் முறைப்பாடு பல ஆண்டுகளாக ஓயவில்லை. குடிப்பவர் வெட்கத்தால் முறையிடார் என்பதே அக்கொள்ளையின் முதல். ஏமாற்றப்பட்டவர் குடிகாரராயிருப்பதால் ஏமாற்று நியாயமாகிவிடாது.

போயா தினத்திலும் ஒக்டோபர் மூன்றாம் நாளாகிய மதுவொழிப்புத் தினத்திலும் மதுக் கடைகள் மூடப்படுகின்றன. முன்கதவு பூட்டியிருக்கப் பின்வளவில் இரட்டை விலைக்குப் போத்தல் கிடைக்கும் இடங்களில் அட்டையும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை, வயதும் இல்லை. சிறுவனுக்கு எளிதாகக் கிடைக்கும் இடம் அதுவே. மதுவரித் திணைக்களத்தாரும் பொலிசாரும் தங்கள் கண்ணை முதலிற் செலுத்த வேண்டியது அங்கேதான். முதியவரின் சட்டைப் பையிலன்று.

இன்னும் மேலே செல்வோம். மேசையில் நேர்மை வேண்டுமென்றால் அனுமதிப்பத்திரம் வழங்கும் மேசையிலும் நேர்மை வேண்டும். 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் விபரம் அவ்வாண்டு டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வடமாகாணமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. தேர்தல் ஆண்டிலே இத்தனை பத்திரங்கள் எவரெவர் பரிந்துரையில் வழங்கப்பட்டன என்று நாடே கேட்டது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் காலத்தில், ஊராரைக் கேளாது தவறணை திறந்த குடியேற்ற அரசை எதிர்த்து இத்தீவின் மக்கள் மதுவொழிப்பு இயக்கம் நடத்தினர். ஊரவர் வாக்கெடுத்துத் தவறணையை மூடும் உரிமையையும் பின்னர் பெற்றனர். குடியேற்ற ஆட்சியில் ஊராரிடம் கேட்க ஒரு முறை இருந்ததென்றால், சுதந்திர ஆட்சியில் ஊராரைக் கேளாது திறப்பது எந்த முன்னேற்றம்? பத்திரம் கொடுக்கும்போது ஊரைக் கேளாதவர்கள், போத்தல் கொடுக்கும்போது கிழவரிடம் அட்டை கேட்பது நகைப்புக்கு இடமாகாதா?

நாம் வேண்டுவன

எமது கோரிக்கைகள் எளியவை. செலவு பிடிப்பவையும் அல்ல.

முதலாவது: முப்பது வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும், தெரிந்தவர் மகனாயினும், மதுக் கடையினர் தவறாது அட்டை கேட்க வேண்டும். இருபத்தொன்றுக்கும் முப்பதுக்கும் இடையிலுள்ள அந்த வரப்பே சிறுவர்களுக்குக் காவல். கள்ளுத் தவறணைகளிலும் இதே ஒழுங்கு வேண்டும். பனை எமது வாழ்வு. சீவல் தொழிலாளரின் உழைப்பு மதிப்புக்குரியது. அம்மதிப்புச் சிறுவனுக்கு விற்கும்போது குறைகின்றது.

இரண்டாவது: வெளிப்படையாக முதியவராக இருப்பவரிடம் கேட்க வேண்டாம். கேட்கத்தான் வேண்டுமென்று ஒரு நிறுவனம் விரும்பினால், அது கடையின் ஒழுங்கு என்று உண்மையைச் சொல்லி, "ஐயா", "அம்மா" என்று மரியாதையோடு கேட்கட்டும். சட்டத்தின் மேல் பழியைப் போட வேண்டாம்.

மூன்றாவது: எவருடைய அட்டை இலக்கத்தையும் எழுதவோ படம் பிடிக்கவோ கூடாது. பார்ப்பது போதும்.

நான்காவது: ஒவ்வொரு விற்பனைக்கும் கேளாமலே பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட வேண்டும். விலைப்பட்டியல் தமிழிலே, முதியோர் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலே தொங்க வேண்டும்.

ஐந்தாவது: சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும், இளையவருக்கு வாங்கிக் கொடுக்கும் மூத்தவரை ஊரறியக் கண்டிக்கும் துணிவு கொள்ள வேண்டும். கழகத்தின் வெற்றி விழாவில் போத்தல் திறப்பவர் எவராயினும், கழகத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தவராயினும், அவரைத் தடுக்க வேண்டும். இது பொலிசாரால் ஆகும் காரியமன்று. ஊரால் ஆகும் காரியம்.

வள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு நெடுந்தூரம் முன்னரே, இருபத்தொன்பதாம் அதிகாரமாகக் கள்ளாமையையும் முப்பதாம் அதிகாரமாக வாய்மையையும் வைத்தார். களவும் பொய்யும் நீங்காத மேசையிலிருந்து கள்ளை மட்டும் நீக்க முயல்வோர் இவ்வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். எமது தீவகத்தின் கடைகளில் சிறுவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். முதியவர் தலைநிமிர்ந்து திரும்ப வேண்டும். கடைக்காரர் இரவிலே கணக்குப் பார்க்கும்போது கூச்சமின்றிப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கைகூடும் ஒழுங்கையே நாம் கேட்கின்றோம்.